மூன்று நாளில் ஒரு விமானம்!

இராமேஸ்வரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு. சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் அன்று பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று பாடம் நடத்தினார். கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்தார். தலை, இறக்கை, வால் எல்லாவற்றையும் காட்டினார். இறக்கையை அடித்து எப்படி மேலே எழும்புகிறது, வாலை வைத்து எப்படித் திரும்புகிறது என்று அரை மணி நேரம் போல விளக்கினார். கடைசியில், புரிந்ததா என்று கேட்டார்.

ஒரு பையன் எழுந்து நின்று, புரியவில்லை என்றான். அவனுக்கு மட்டும்தான் புரியவில்லையா என்று ஆசிரியர் மற்றவர்களைப் பார்த்தார். அட, வகுப்பில் பல பேர் அதே பதிலைத்தான் சொன்னார்கள்!

ஐயர் கோபப்படவில்லை. மாலையில் பிள்ளைகள் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். அலைகள் இரைந்துகொண்டிருந்தன. கடற்பறவைகள் பத்தும் இருபதுமாகச் சேர்ந்து வரிசை கலையாமல் பறந்து வந்தன. பறவை மேலே கிளம்பும்போது இறக்கையை எப்படி அடிக்கிறது, பக்கவாட்டில் திரும்பும்போது வாலையும் இறக்கையையும் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பறவையின் என்ஜின் எங்கே இருக்கிறது, அதற்கு எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று கேள்வியும் கேட்டார். பதினைந்து நிமிடத்தில் எல்லாருக்கும் பாடம் விளங்கிவிட்டது. பறவை பறப்பதைப் படத்தில் பார்ப்பது வேறு, பறக்கும் பறவையையே பார்ப்பது வேறு அல்லவா?

அன்று முதலில் எழுந்து நின்ற பையனின் பெயர் அப்துல் கலாம். ராக்கெட் செய்தவர், குடியரசுத் தலைவராக இருந்தவர் என்று அவரைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். அவர் எப்படிப் பொறியியல் கற்றுக்கொண்டார் என்ற கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அது ஒரு நல்ல கதை.

கலாம் பிறந்தது 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி. இராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் வீடு. அப்பா ஜைனுலாபுதீன். அம்மா ஆஷியம்மா. பெரிய குடும்பம். கலாமுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா கடற்கரையில் மரப்படகு கட்டத் தொடங்கினார். இராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போய் வரத்தான் அந்தப் படகு. கூட நின்று வேலை பார்த்தவர் அகமது ஜலாலுதீன் என்ற உறவினர். இவர்தான் பின்னாளில் கலாமின் அக்கா ஜொகராவைத் திருமணம் செய்துகொண்டவர்.

சிறுவன் கலாம் தினமும் போய் வேடிக்கை பார்த்தான். விறகுத் தீயின் சூட்டில் பலகைகளைப் பதப்படுத்துவார்கள். வெறும் மரத்துண்டுகளாகக் கிடந்தவை நாளுக்கு நாள் ஒரு படகாக உருவாகும். பின்னர் ஒரு பெரும்புயல் வந்து அந்தப் படகைக் கொண்டு போய்விட்டது. ஆனால் ஒரு பொருள் துண்டு துண்டாகச் சேர்ந்து எப்படி முழுதாகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அவன். நம்மில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்?

இரண்டாம் உலகப் போர் வந்தது. இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். செய்தித்தாள் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே வீசிவிட்டுப் போவார்கள். அந்த ஊருக்கு நாளிதழ்களை விநியோகம் செய்துவந்தவர் கலாமின் உறவினர் சம்சுதீன். வீசப்படும் கட்டுகளைப் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை கலாமுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே புளியங்கொட்டை பொறுக்கி, தெருவில் இருந்த மளிகைக் கடையில் கொடுத்து, நாளுக்கு ஓர் அணா சம்பாதித்த பையன்தான். எட்டு வயதில் அது பெரிய வருமானம்!

அப்புறம் இராமநாதபுரத்தில் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி. ஊரையும் அம்மாவின் சமையலையும் விட்டு விடுதியில் தங்கிப் படித்தார். பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம். படிப்பு முடிந்த பிறகுதான் அவருக்கு ஒன்று தெரிந்தது. விமானம் பற்றிக் கற்க வேண்டும் என்றால் பொறியியலுக்குப் போயிருக்க வேண்டும்! இன்று பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக்கூட எந்தப் படிப்பு எதற்கு என்று வழிகாட்ட ஆள் இருக்கிறது. அன்று கடலோரக் கிராமத்துப் பையனுக்கு யார் சொல்வார்கள்?

நல்லவேளை, அதற்கும் ஒரு வழி இருந்தது. சென்னை குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டில் சி. ராஜம் என்ற தொழிலதிபர் தொடங்கிய எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரி அது. அறிவியல் பட்டம் பெற்றவர்களை அங்கே சேர்த்துக்கொண்டு மூன்று ஆண்டுகளில் பொறியாளராக்கினார்கள். கலாமின் பெயர் தேர்வுப் பட்டியலில் வந்தது. ஆனால் சேர்வதற்கு ஆயிரம் ரூபாய் வேண்டும். அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய்! அப்பாவால் அவ்வளவு பணத்தைப் புரட்ட முடியவில்லை. அக்கா ஜொகரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அதைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில்தான் மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று தம்பி மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

கல்லூரி வளாகத்தில் இரண்டு பழைய விமானங்கள் நின்றன. பறப்பதை நிறுத்திவிட்ட விமானங்கள். பொறியியல் மாணவர்கள் விமானத்தின் பாகங்களை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வகுப்பு முடிந்து எல்லாரும் விடுதிக்குப் போய்விட்ட பிறகும் கலாம் அந்த விமானங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். முதல் ஆண்டு முடிந்து பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. விமானப் பொறியியல்தான்.

மூன்று பேராசிரியர்களை அவர் கடைசி வரை மறக்கவில்லை. ஸ்பாண்டர் ஆஸ்திரியா நாட்டுக்காரர். நாஜிகளிடம் சிறைப்பட்டுத் துன்பப்பட்டவர். காற்றில் விமானம் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுக்கொடுத்தார். பண்டாலை விமானத்தின் உடல் அமைப்பை வடிவமைக்கக் கற்றுக்கொடுத்தார். நரசிங்க ராவ் கணக்கு வழியாகக் காற்றியக்கவியலை நடத்தினார்.

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

எம்.ஐ.டி.யில் கடைசிக் கட்டப் படிப்பு வெறும் புத்தகப் படிப்பு அல்ல. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு விமானத்தை முழுதாக வடிவமைக்க வேண்டும். கலாமுக்கும் அவருடன் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கும் கிடைத்தது, தாழ்வாகப் பறந்து தாக்கும் ஒரு போர் விமானம். கலாமின் பொறுப்பு, காற்றில் அந்த விமானத்தின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்து வரைவது. என்ஜின், உடற்கட்டு, கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியவற்றை மற்ற நால்வரும் பிரித்துக்கொண்டார்கள்.

இது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை தெரியுமா? இறக்கையைக் கொஞ்சம் நீளமாக்கினால் தூக்கும் சக்தி கூடும். ஆனால் இறக்கையின் எடையும் கூடும். எடை கூடினால் பெரிய என்ஜின் வேண்டும். பெரிய என்ஜின் வைத்தால் எரிபொருள் அதிகம் வேண்டும். எரிபொருள் வைக்க இடம் வேண்டும். எல்லாம் மாறினால் விமானத்தின் எடை எந்த இடத்தில் நிலைகொள்கிறது என்பதும் மாறும். உடனே வாலை மாற்ற வேண்டும்! ஒரு கோட்டை அழித்தால் பத்துக் கோடுகளை அழிக்க வேண்டியிருக்கும். அன்று கம்ப்யூட்டர் கிடையாது. வரைபலகை, டி-ஸ்கொயர், பென்சில், ரப்பர், அவ்வளவுதான். தேர்வில் தனித்தனியாக நூற்றுக்கு நூறு வாங்கின பாடங்கள் எல்லாம் இங்கே ஒன்றோடு ஒன்று சண்டை போடும்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். கல்லூரியின் இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் வந்தார். இவர்தான் அவர்களுக்கு வடிவமைப்பும் கற்றுக்கொடுத்தவர். கலாமின் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்தார். முகம் சுருங்கியது. வேலை மிகவும் பின்தங்கியிருக்கிறது, ஏமாற்றம் அளிக்கிறது என்று சொல்லிவிட்டார். கலாம் ஏதேதோ காரணம் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு மாத அவகாசம் கேட்டார்.

பேராசிரியர் கொடுத்தது மூன்று நாள். திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் கைக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் உதவித்தொகை நிறுத்தப்படும்!

கலாமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதவித்தொகையை நம்பித்தான் அவர் படிப்பே ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் இராமேஸ்வரத்துக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அக்காவின் வளையல் என்னாவது?

அன்று இரவு அவர் சாப்பிடப் போகவில்லை. வரைபலகை முன்னாலேயே விடிய விடிய இருந்தார். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் எழுந்து போய் முகம் கழுவி ஏதோ சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுபடி அதே இடம். ஞாயிற்றுக்கிழமை காலை. வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. யாரோ பின்னால் நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால், பேராசிரியர் சீனிவாசன்! டென்னிஸ் ஆடிவிட்டு அந்த உடையோடு அப்படியே வந்திருந்தார்.

படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கலாமைக் கட்டி அணைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். முடியாத கெடு என்று தெரிந்துதான் கொடுத்ததாகவும், இவ்வளவு நன்றாகச் செய்வார் என்று தானே எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? விடுமுறை நாளில் மாணவன் என்ன செய்கிறான் என்று பார்க்க அவர் தேடி வந்திருக்கிறார். வெறும் கண்டிப்பு மட்டும் உள்ளவர் என்றால் திங்கட்கிழமை வரை காத்திருந்து கையெழுத்து மறுத்திருப்பாரே!

படிப்பு முடிந்தது. விடைபெறும் நாளில் குழுப்படம் எடுத்தார்கள். பேராசிரியர்கள் முன்னால் உட்கார, மாணவர்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். ஸ்பாண்டர் எழுந்து யாரையோ தேடினார். மூன்றாவது வரிசையில் நின்ற கலாமைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டார்.

அடுத்து பெங்களூரில் இருந்த எச்.ஏ.எல். விமான ஆலையில் பயிற்சி. இங்கே பென்சில் கிடையாது, ஸ்பேனர்தான்! என்ஜின்களைப் பிரித்து, தேய்ந்த பாகங்களைச் சோதித்து, மறுபடி பூட்டும் வேலை. குரோம்பேட்டையில் காகிதத்தில் படித்தவற்றை எண்ணெய்க் கையோடு தொட்டுப் பார்த்தார்.

விமானப்படையில் விமானி ஆக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. டேராடூனில் தேர்வுக்குப் போனார். 25 பேரில் 8 பேருக்குத்தான் இடம். கலாம் ஒன்பதாவதாக வந்தார்! ஒரே ஓர் இடத்தில் போய்விட்டது. மனம் உடைந்து ரிஷிகேஷ் பக்கம் போய்த் தேறிக்கொண்டு, பாதுகாப்புத் துறையில் கிடைத்த வேலையில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஒரு விசித்திரமான வேலை கொடுத்தார்கள். பெங்களூரில் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு ஹோவர்கிராப்ட் செய்ய வேண்டும். அது படகும் அல்ல, காரும் அல்ல. அடியில் காற்றை ஊதி, அந்தக் காற்று மெத்தையின் மேல் தரையைத் தொடாமல் மிதந்து போகும் வண்டி. அதற்கு முன் அவர்கள் யாருக்கும் அதைச் செய்த பழக்கம் இல்லை. பார்த்துச் செய்ய மாதிரியும் இல்லை. செய்து பார்த்து, தப்பு வந்தால் திருத்தி, மறுபடி செய்து பார்த்தார்கள். சிவபெருமானின் வாகனமான நந்தியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பார்க்க வந்தார். அதில் ஏறிப் போகவும் விரும்பினார். பக்கத்தில் இருந்த விமானப்படை அதிகாரி பயந்துபோய், அனுபவம் உள்ள தானே ஓட்டுவதாகச் சொன்னார். அமைச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. செய்தவரே ஓட்டட்டும் என்றுவிட்டார். ராணுவ அமைச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலாம் தன் நந்தியை ஓட்டினார்!

(நந்தியின் குட்டித் தம்பி ஒன்றை நீங்களும் செய்யலாம். ஒரு பழைய சி.டி. தகடு, ஒரு பாட்டில் மூடி, ஒரு பலூன் போதும். மூடியின் நடுவில் பெரியவர்களைக் கொண்டு ஒரு சிறு துளை போடச் சொல்லுங்கள். சி.டி.யின் நடு ஓட்டையின் மேல் மூடியைக் கவிழ்த்து, காற்று கசியாமல் பசையால் ஒட்டுங்கள். பலூனை ஊதி, வாயை முறுக்கிப் பிடித்தபடி மூடியின் மேல் மாட்டுங்கள். வழவழப்பான மேசையில் வைத்து முறுக்கை விட்டுவிட்டு லேசாகத் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடவில்லையா? துளை பெரிதா, சிறிதா, பசை ஒழுங்காக ஒட்டியதா என்று பாருங்கள்.)

நந்தி பிறகு கைவிடப்பட்டது. கலாமுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அதைப் பார்க்க வந்தவர்களில் விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனனும் ஒருவர். நிறையக் கேள்வி கேட்டார். பத்து நிமிடம் ஏறி ஓட்டிக்காட்டச் சொன்னார். அடுத்த சில நாட்களில் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து கலாமுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் விக்ரம் சாராபாய்! கலாம் ராக்கெட் பொறியாளர் ஆனார்.

கேரளக் கடற்கரையில் தும்பா என்ற மீனவ கிராமம். ஒரு தேவாலயம்தான் அலுவலகம். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்ப வேண்டும். அமெரிக்காவில் செய்த நைக்-அப்பாச்சி ராக்கெட் அது. பாகங்களைப் பூட்டுவதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. ராக்கெட்டைத் தூக்கி ஏவும் மேடையில் வைக்கும் நேரத்தில், பாரந்தூக்கியின் ஹைட்ராலிக் குழாயில் கசிவு! மாலை ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க நேரம் இல்லை. என்ன செய்தார்கள்? எல்லாரும் சேர்ந்து கைகளாலேயே தூக்கி மேடையில் வைத்துவிட்டார்கள். ராக்கெட் கிளம்பியது.

பின்னர் நாமே ஒரு ராக்கெட் செய்து, அதில் நாமே செய்த செயற்கைக்கோளை வைத்து விண்ணில் செலுத்தும் திட்டம் வந்தது. எஸ்.எல்.வி.-3 என்று பெயர். உயரம் 22 மீட்டர். எடை 17 டன். கலாம்தான் திட்ட இயக்குநர். 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் எல்லாம் தயார். ஏவுவதற்குச் சற்று முன் கம்ப்யூட்டர், நிறுத்து என்று எச்சரித்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கசிவு. நிபுணர்கள், போதுமான அளவு திரவம் இருக்கிறது, பயமில்லை என்றார்கள். கலாம் ஏவ முடிவு செய்தார்.

முதல் நிலை நன்றாக வேலை செய்தது. இரண்டாம் நிலையில் ராக்கெட் தடுமாறியது. செயற்கைக்கோளோடு சேர்ந்து வங்கக்கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் முடிந்தது.

அன்று பத்திரிகையாளர்களுக்கு முன்னால் போய் நின்றவர் கலாம் அல்ல. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே முன்வந்து தோல்விக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். கலாமும் குழுவினரும் எது தவறியது என்று ஆராய்ந்தார்கள். ஒரு வால்வு வழியாக அமிலம் கசிந்து வெளியேறியதுதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி எஸ்.எல்.வி.-3 மறுபடி கிளம்பியது. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் பூமியைச் சுற்றத் தொடங்கியது. இந்த முறை பத்திரிகையாளர்களைச் சந்திக்கும்படி தவான் கலாமை அனுப்பினார். குரோம்பேட்டையில் ஒரு சீனிவாசன், இங்கே ஒரு தவான். ஆசிரியர் விஷயத்தில் கலாம் கொடுத்து வைத்தவர்தான்.

ஏவுகணைகள் செய்தது, 1997ஆம் ஆண்டில் பாரத ரத்னா பெற்றது, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐதராபாத்தில் ஒரு மருத்துவமனைக்கு அவர் போயிருந்தபோது, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புச் சட்டங்களைக் காலில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடப்பதைக் கண்டார். ஏவுகணைக்காக உருவாக்கிய லேசான, உறுதியான கலவைப் பொருள் நினைவுக்கு வந்தது. அதில் சுமார் 300 கிராம் எடையில் சட்டம் செய்து கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓடினார்கள்! ராக்கெட் பறந்ததைவிட இதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

பதவி முடிந்ததும் அவர் மறுபடி வகுப்பறைக்கே போய்விட்டார். பாடம் நடத்தப் போன இடத்தில்தான் கடைசி மூச்சும் போனது. 2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி, ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். அப்போது உங்களில் பலர் பிறந்தே இருக்க மாட்டீர்கள்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1978ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய அனுசாட் என்ற சிறு செயற்கைக்கோள், 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது. ஒரு காலத்தில் காகிதத்தில் விமானம் வரைந்த பிள்ளைகளின் கல்லூரி, நிஜமான செயற்கைக்கோளையே செய்துவிட்டது!

அடுத்த விடுமுறைக்கு இராமேஸ்வரம் போனால் பேய்க்கரும்பில் கலாமின் நினைவிடத்தைப் பாருங்கள். பள்ளிவாசல் தெரு வீட்டையும் பாருங்கள். பிறகு மாலையில் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக் கடற்கரையில் நில்லுங்கள். கடற்பறவைகள் வரும். ஒன்று திரும்பும்போது அதன் வால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்த்து வாருங்கள்.